உண்மை விளக்கம்: குறுக்கே கோடு போட்டால் காலநிலை பிரிந்துவிடுமா?

"ஒரே அட்சரேகையில் உள்ள ஊர்களுக்கு ஒரே காலநிலைதான், நாட்டு வரைபடத்தில் குறுக்கே நாலு கோடு போட்டால் மண்டலங்கள் தயார்" என்று ஒரு படம் சுற்றுகிறது. தவறு.

ஈக்வடாரைப் பாருங்கள். தலைநகர் கீட்டோ நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. ஆனால் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில். ஆண்டு சராசரி வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவில்தான். அட்சரேகையில் வெறும் 2 டிகிரி தெற்கே, கடல் மட்டத்தையொட்டிய குவாயாகில் நகரிலோ அது 25-ஐத் தாண்டும். படம் போட்டவருக்கு மலை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது போல!

காலநிலையைப் பிரிக்கப் பரவலாகப் பயன்படும் கொப்பென் வகைப்பாடு மாதச் சராசரி வெப்பத்தையும் மழையையும்தான் பார்க்கிறது. மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 டிகிரிக்குக் குறையக் கூடாது, மழையும் போதிய அளவு வேண்டும், அப்போதுதான் வெப்பமண்டலம். கீட்டோ இதில் தேறாது.