கேட்டுக்கு வெளியே நின்ற டிராக்டர்கள்

மாம்பழ சீசன் தொடங்கினாலே எனக்கு அந்த ஜூன் மாசம் ஞாபகத்துக்கு வந்துவிடும். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். பழுக்க வைக்கும் அறையில் இருந்த வெள்ளைப் பொட்டலங்களை ஒரு பையன் வீடியோ எடுத்து, "கார்பைட் கல் போடுறாங்க" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டான். ராத்திரிக்குள் பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் எல்லாம் சுற்றி வந்துவிட்டது.

அது கார்பைட் இல்லை, காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை விடுகிற பொட்டலம். கார்பைடுக்குத்தான் தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. பொட்டலம் பழத்தில் நேரடியாகப் படக் கூடாது, அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே கேட்டைத் திறந்து, நாலு பேரைக் கூப்பிட்டு அந்த அறையைக் காட்டியிருந்தால் பாதிப் பேச்சு அடங்கியிருக்கும். நாங்கள் கேட்டைப் பூட்டினோம். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கூடவே அந்தப் பையனுக்கு வக்கீல் நோட்டீஸ். அவன் அதையும் படம் எடுத்துப் போட்டான். வீடியோ பார்க்காதவர்கள்கூட நோட்டீஸைப் பார்த்துவிட்டு வீடியோவைத் தேடினார்கள்.

அவதூறு வழக்கு போட வழி இருக்கிறது. இப்போதைய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 356-வது பிரிவில் இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. ஆனால் விளக்கம் சொல்லும் முன்னே நோட்டீஸ் போனால், "தப்பு இல்லேன்னா எதுக்கு மிரட்டணும்?" என்றுதான் ஊர் கேட்கும்.

வெளியே தோத்தாபுரி மாங்காய் லோடோடு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. மூன்றாம் நாள் அடியில் இருந்த காய் பழுத்து நசுங்கி, பலகை இடுக்கில் சாறு வடிந்து ஈ மொய்த்தது. ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்பா, உள்ள என்னதான் நடக்குது? எங்க காய்ல விஷம்னு பேசிக்கிறாங்களே." பதில் எனக்குத் தெரியும். "ஆபீஸ்ல கேளுங்கய்யா" என்றேன். ஆபீஸில் பேச ஆளே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

உணவுப் பாதுகாப்புத் துறை மாதிரி எடுத்தது. மாதிரியை நாலு பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தொழில் நடத்துகிறவர்கள் இதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு ரிசல்ட் சுத்தமாக வந்தது. "கேஸுக்கு வேணும், வெளிய விடாதீங்க" என்றார் வக்கீல். சீசன் முடியும்வரை அந்தக் காகிதம் ஃபைலிலேயே கிடந்தது.

2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்தது. ஆகஸ்டில் பாம்பே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து மூன்று லேபுகளில் மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. நவம்பரில் பாக்கெட் மறுபடி கடைக்கு வந்தது. பெரிய கம்பெனி, ஐந்து மாதம் தாங்கியது. மாங்கூழுக்கு மொத்த சீசனே அவ்வளவு கிடையாது. அடுத்த வருசம் அந்தப் பெரியவரின் லோடு சித்தூர் பக்கம் போய்விட்டது.

வழக்கு நடக்கிறது என்பதற்காக ஊமையாக இருக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது, மாதிரி என்றைக்கு எடுத்தார்கள், ரிசல்ட் என்ன, காய்க்குப் பணம் எப்போது கிடைக்கும் என்பதை வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். பத்திரிகைக்குக் கொடுக்கும் முன் எடைமேடைச் சுவரில் ஒட்டுங்கள். தமிழோடு தெலுங்கிலும் எழுதுங்கள், நம் பக்கம் நிறைய விவசாயிகள் வீட்டில் தெலுங்குதான் பேசுகிறார்கள்.