கரையில் நிற்கும் கோரையை நாங்கள் வெட்டப்போவதில்லை

போன வாரம் எங்கள் ஏரிக்கரை விடுதியில் தங்கிப் போன ஒரு குடும்பத்தில் மூத்தவர் கிளம்பும்போது நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னார். "இடம் ரொம்ப நல்லா இருக்குங்க, ஆனா கரை முழுக்கக் கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கு, அதை வெட்டிட்டுப் புல்வெளி போட்டு இன்னும் பத்து ரூம் கட்டினா எங்கேயோ போயிடுவீங்க." இதையே உறவுக்காரர்களும் நண்பர்களும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "பார்க்கலாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை பதிலை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்களுடையது எட்டு அறை, இரண்டு துடுப்புப் படகு, ஒரு மோட்டார் படகு, ஒரு மரப் படித்துறை. வேலை செய்வது நான், மனைவி, அம்மா, பள்ளி முடிந்து வந்த பிறகு பிள்ளைகள் இரண்டு பேர். சீசனில் மட்டும் உதவிக்கு இரண்டு ஆட்கள்.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்ததும் முதலில் போவது கரைக்குத்தான். ராத்திரி காற்று அடித்திருந்தால் படகுக் கயிறு படித்துறைத் தூணில் உரசி நைந்திருக்கும். மழை பெய்திருந்தால் படகுக்குள் தண்ணீர் நிற்கும், அதை இறைத்துவிட்டுத்தான் மற்ற வேலை, ஏனென்றால் தண்ணீர் தேங்கிய படகில் ஒருவர் லேசாகச் சாய்ந்தாலே உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடிப் படகைக் கவிழ்க்கப் பார்க்கும். அப்புறம் படித்துறைப் பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்ப்பேன், ஆணி தலை தூக்கியிருக்கிறதா, பாசி வழுக்குகிறதா என்று. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அது. கடைசியாகத் தண்ணீரின் நிறமும் வாசனையும். அதில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தாலும் அன்றைக்கு முழுக்க மனசு அதிலேயே நிற்கும்.

பத்து அறை விஷயத்துக்கு வருகிறேன். இடம் இருக்கிறது, கடன் கேட்டால் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் எத்தனை அறை என்பதைக் கறாரான கணக்குப்பிள்ளை மாதிரி தீர்மானிப்பது செப்டிக் டேங்க்கும் அதற்கு அப்பால் இருக்கும் மண்ணும்தான். பெரிய ஊரில் பாத்ரூம் தண்ணீர் சாக்கடைக் குழாயில் இறங்கிவிட்டால் அதற்கப்புறம் அது வேறு யாருடைய பொறுப்போ. இங்கே அது எங்கள் காலடி மண்ணுக்குள்தான் இறங்குகிறது, அந்த மண் சரிந்து போய் முடிவது ஏரியில். தொட்டிக்குள் கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் மட்டும் துளை போட்ட குழாய்கள் வழியாக மண்ணில் பரவும், மிச்சத்தை மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். இதற்கெல்லாம் தேவை நிதானம். எட்டு அறையிலும் ஒரே நேரத்தில் குளியல், கூடவே வாஷிங் மெஷினும் ஓடினால் அடியில் படிந்தது கலங்கி அப்படியே வெளியே போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும், ஒருமுறை அடைபட்டால் பெரும்பாலும் தோண்டிப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எட்டு அறையும் ஒன்றாகக் காலியானாலும் எல்லா விரிப்புகளையும் அன்றே துவைக்க மாட்டோம். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், மறுநாள் கொஞ்சம். இதற்காகவே ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று செட் வைத்திருக்கிறோம், ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். இந்த ஏற்பாடு என் மனைவியுடையது. எங்கள் தொழிலில் யாராவது ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். அப்புறம் அந்த ஈரத் துடைப்புத் தாள்கள். உறையில் என்ன எழுதியிருந்தாலும் தயவுசெய்து கழிவறையில் போடாதீர்கள், எத்தனையோ ராத்திரி குழாயைக் கழற்றி அவற்றைக் கையால் இழுத்து வெளியே எடுத்திருக்கிறேன்.

சரி, கொஞ்சம் கழிவுநீர் ஏரிக்குப் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் ஏரி இருக்கிறது. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழு அந்த ஏரியின் குறுகலான இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். இன்னொரு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் மட்டும் பாசி பூத்துப் பச்சையாக மாறியது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பாஸ்பரஸ் நம்மிடம் எங்கே இருக்கிறது? மனிதக் கழிவில், சில சோப்புத் தூள்களில், புல்வெளிக்குப் போடும் உரத்தில், மழையில் கரைந்து ஓடும் மேல்மண்ணில். ஆக, அந்த அண்ணன் சொன்ன இரண்டு யோசனைகளுமே, புல்வெளியும் பத்து அறையும், ஏரிக்குள் ஒரே பொருளைத்தான் கொண்டுபோய்க் கொட்டும்.

கோரையை நாங்களும் வெட்டிப் பார்த்தவர்கள்தான். ஆரம்ப வருடங்களில், குளிக்க இறங்க வசதியாக இருக்கட்டும் என்று முப்பது அடி நீளத்துக்குச் சுத்தமாக எடுத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு பெருமழைக்குள் கரை உள்வாங்கிச் சரிந்தது, படகு எழுப்பும் அலை ஒவ்வொன்றும் மண்ணை அரித்தது, கலங்கல் அடங்கவேயில்லை. கோரையும் சம்பும் நிற்கும் இடத்தில் அலை உள்ளே வந்து சக்தி இழந்துவிடும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மேட்டிலிருந்து ஓடிவரும் வண்டல் தண்டுகளுக்கு நடுவில் தங்கிவிடும், மீன் குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். வெட்டிய இடத்தில் திரும்பவும் அது வேர் பிடித்து அடர நான்கு வருடம் ஆனது. இப்போது படகு போக ஒரு வழி, குளிக்க ஒரு வழி, அவ்வளவுதான் திறந்திருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் கரையெல்லாம் மீன் செத்து மிதந்தது. வாரக்கணக்கில் வெயில், அதற்கப்புறம் ஒரே ராத்திரியில் காற்றும் மழையும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று விருந்தினர்கள் பயந்துபோனார்கள். நடந்தது வேறு. வெயில் காலத்தில் மேல்தண்ணீர் சூடாகி லேசாக மேலேயே நின்றுவிடும், குளிர்ந்த கனமான தண்ணீர் அடியில் தங்கிவிடும், இரண்டும் கலக்காது. நீந்தும்போது காலுக்கு மட்டும் திடீரென்று சில்லென்று படுகிறதே, அந்த எல்லைதான். அடியில் மக்கும் பாசியும் இலையும் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். பலமான காற்றும் குளிர்ந்த மழையும் சேர்ந்து அடித்தண்ணீரை மேலே புரட்டினால் மீனுக்கு மூச்சுக்கு வழியில்லாமல் போய்விடும். பாசி அதிகமாக அதிகமாக இந்த ஆபத்தும் அதிகம். அன்றைக்கு ஒவ்வொரு அறையாகப் போய் இதை விளக்கினேன், கிளம்ப விரும்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மதியம் வரை நானும் பிள்ளைகளும் வலையால் மீனை அள்ளிப் புதைத்தோம். சின்னவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

தண்ணீர் பற்றிய இன்னொரு விஷயத்தில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும், பக்கிள் போட்டிருக்க வேண்டும். "எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்பவர்களிடம்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. படகு கவிழும்போது தலையில் அடிபட்டால் எந்த நீச்சலும் உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3,00,000 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது, பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பத்துப் பேர் கரையில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள். அதனால் எங்கள் இடத்தில் குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கையில் சிவப்பு நாடா கட்டிக்கொள்ள வேண்டும். நாடா கட்டியவர் போனைத் தொடக்கூடாது. அவர் எழுந்து போக வேண்டுமென்றால் நாடாவை அடுத்தவர் கையில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இடி கேட்டால் எல்லோரும் கரையேற வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பவும் தண்ணீர். இதற்காக ஒரு நட்சத்திரம் போட்டு ரிவ்யூ எழுதியவர்களும் உண்டு. எழுதட்டும்.

ராத்திரி ஸ்பீக்கர் வைக்கக்கூடாது என்பதற்கும் இதே மாதிரி கோபப்படுகிறார்கள். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழேயே வரும், இந்தக் கரையில் மெதுவாகப் பேசுவது எதிர்க்கரையில் கேட்கும்.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. ஊரெல்லாம் பிள்ளைகளோடு கிளம்பும் விடுமுறை நாட்கள்தான் எங்கள் சீசன். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாளெல்லாம் எங்களுக்கு எட்டு அறையும் நிறைந்திருக்கும் நாள். நானும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாக வெளியூர் போய்த் தங்கியது இதுவரை இரண்டே முறை. ராத்திரி பதினோரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று கதவைத் தட்டுவார்கள், அம்மா எழுந்து போவாள், நான் போகிறேன் என்றால் கேட்க மாட்டாள். பதினெட்டு அறை இருந்தால் மேனேஜர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் மேனேஜருக்குச் சம்பளம் கொடுக்க எப்போதும் அறை நிரம்பியிருக்க வேண்டும், நிரம்பியிருக்க வேண்டுமென்றால் ஏரிக்கு ஓய்வு கிடையாது. இப்போது சீசன் முடிந்தால் ஏரிக்கும் எங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கிறது.

மகள் ஞாயிறுதோறும் ஒரு வேலை செய்கிறாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கால் பங்கு கால் பங்காக வர்ணம் அடித்த இருபது சென்டிமீட்டர் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவாள். அது கண்ணுக்கு மறையும் ஆழம்தான் ஏரியின் தெளிவு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்து பார்த்த முறை இது, இன்றுவரை ஏரி ஆய்வாளர்கள் இதை விடவில்லை. கோரையை வெட்டியிருந்த கடைசி வருடத்தில் அவளுக்காக நான் எழுதி வைத்த அளவு ஒரு மீட்டர் பத்து. போன ஞாயிறு இரண்டு மீட்டர் முப்பது.

அண்ணே, அடுத்த தடவை வரும்போது ஞாயிறு காலை அவளோடு படகில் போங்க. தட்டு மறையும் இடத்தை இரண்டு பேர் பார்த்துச் சொன்னால் அளவு இன்னும் சரியாக வரும் என்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.