மூலைக் கட்டம் என்ன நிறம்?

சென்ற ஞாயிறு காரைக்குடியில் நண்பர் வீட்டு முகப்பில் எங்கள் சதுரங்கக் குழுவின் போட்டி. எனக்கு எதிரே ஒன்பதாம் வகுப்பு மாணவன், வெள்ளைக் காய்களோடு. நான் சிசிலியன் என்ற தொடக்க முறையை ஆடினேன். அவனுக்கு அது மனப்பாடம். முதல் பன்னிரண்டு நகர்வுகளை மளமளவென்று வைத்துவிட்டான்.

இரண்டு மணி நேரம் கழித்து அவனிடம் வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடும் மந்திரியும், வலது ஓரத்தில் அடுத்தடுத்து இரண்டு சிப்பாய்களும் மிஞ்சின. என்னிடம் ஒரு குதிரை மட்டும். வேடிக்கை பார்த்தவர்கள் காபிக்கு எழுந்துவிட்டார்கள். குதிரையைப் பலி கொடுத்து உள்பக்கச் சிப்பாயை வெட்டிவிட்டு, ராஜாவை மூலைக்கு ஓட்டினேன். அவன் முகத்தில் வெற்றிக் களை. ஓரச் சிப்பாயை ஏழாவது வரிசைக்குத் தள்ளியவன், விரலை அதன் தலையிலிருந்து எடுக்காமல் சற்று நேரம் வைத்திருந்தான். பிறகு எடுத்தான். என் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. விதிப்படி டிரா.

"மந்திரி கூடுதலாக இருந்தும் எப்படி சார்?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது.

பிள்ளைமேல் தவறே இல்லை. மாமல்லபுரத்தில் 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது, குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். பெற்றோருக்கு ஆசை வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் பயிற்சி வகுப்புகளில் ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்வுகளை மட்டும் திணிக்கிறார்கள், வீட்டில் காட்டிப் பெருமைப்பட அதுதான் வசதி என்பதால். குகேஷுக்குப் பட்டம் ஆட்டத்தின் எந்தப் பகுதியில் கிடைத்தது? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். இருவரிடமும் ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள். 55-ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். குகேஷ் யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி என்று மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும் ஆடும் ஆட்டம். அதில் வழி தெரிந்ததால்தான் அந்த மாற்றத்தைத் துணிந்து செய்ய முடிந்தது.

பயிற்சியாளர்களே, ஆட்டத்தின் இறுதிப் பகுதியை முதலில் பழக்குங்கள்; முதல் மூன்று மாதம் பலகையில் ஐந்து காய்களுக்கு மேல் வைக்காதீர்கள். பெற்றோர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

அவனை அனுப்ப மனம் வரவில்லை. ஆத்தங்குடித் தரையிலேயே பலகையை விரித்து அதே நிலையை அடுக்கினேன். "உன் சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டம் என்ன நிறம்?"

"கறுப்பு."

"உன் மந்திரி அங்கே போகுமா?"

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கேட்காமலே மந்திரியைத் தூக்கிப் பக்கத்துக் கறுப்புக் கட்டத்தில் வைத்து ஆடத் தொடங்கினான். இம்முறை என் ராஜாவை மூலையிலிருந்து வெளியே துரத்தினான்.