கே பேனிக்: பதறுவது யார்?

நேற்று இரவு தோழியிடமிருந்து ஒரு செய்தி. "செத்தேன்டி. முழு கே பேனிக்." கே என்றால் தன்பாலீர்ப்பு உள்ளவர், பேனிக் என்றால் பதற்றம். பிடித்த பெண்ணைப் பார்த்ததும் தடுமாறிப்போவதை இவள் கேலியாக அப்படிச் சொல்வாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் இவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இவள் 'இழுக்கவும்' என்று எழுதியிருந்த கதவைத் தள்ளு தள்ளு என்று தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசியில் அந்தப் பெண்ணே வந்து இழுத்துத் திறந்துவிட்டுப் போனாளாம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் கொஞ்சம் உறுத்தவும் செய்தது. இந்தச் சொல்லை நான் முதன்முதலில் படித்தது ஒரு கொலை வழக்குச் செய்தியில்.

சொல்லின் வேர் 1920-க்குப் போகிறது. எட்வர்ட் கெம்ப் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 'ஹோமோசெக்சுவல் பேனிக்' என்று ஒரு நிலைக்குப் பெயர் வைத்தார். ஆண்கள் மட்டுமே அடைந்து கிடக்கிற ராணுவ முகாம் மாதிரி இடங்களில், தனக்குள் எழும் ஆசையைக் கண்டு தானே மிரண்டு நொறுங்கிப்போகிறவர்களுக்கான பெயர் அது. அவர் விவரித்தவர்கள் அடுத்தவர் மேல் பாயவில்லை, பெரும்பாலும் தங்களைத்தான் வருத்திக்கொண்டார்கள்.

அப்புறம் சொல் வக்கீல்கள் கைக்குப் போனது. "அவன் என்னை அந்த மாதிரி நெருங்கினான், நிதானம் இழந்துவிட்டேன்." அவ்வளவுதான் வாதம். பயந்தவனுக்கான பெயர் கொன்றவனுக்குக் கேடயமாகிவிட்டது, செத்தவன்மேல் பழி. 1998-ல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மாத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவரை அடித்து வேலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். அந்த வழக்கிலும் இதே கதையைத்தான் சொல்லப் பார்த்தார்கள், நல்லவேளை, நீதிபதி விடவில்லை. இந்த வாதத்துக்குச் சட்டப்படி தடை போட்ட முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியா, அதுவும் 2014-ல்தான். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு 2020 வரை ஆனது!

யாரையும் கொல்லாத இன்னொரு பேனிக்கும் இருக்கிறது. நண்பனைக் கட்டிப்பிடித்த ஆண் ஒருவர், சட்டென்று சுதாரித்து, அவன் முதுகில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டுவாரே, அது. "என்னைத் தப்பா நினைச்சுடாதீங்க" என்பதைக் கையால் சொல்வது. பாவமாகத்தான் இருக்கும். ஆனால் நீதிமன்றத்தில் நின்ற அந்த வாதத்துக்கும் இதற்கும் தாய் ஒருத்திதான் என்பது என் எண்ணம்.

அதனால்தான் தோழி மாதிரி பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கேலியாகப் புழங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. பதற்றம் மறுபடி தன்பாலீர்ப்பு உள்ளவருக்கே வந்துவிட்டது, இந்தத் தடவை வெட்கமும் சிரிப்புமாக. வரலாறு தெரியாமல் விளையாடுகிறார்கள் என்று சிலர் முறைப்பதுண்டு. தெரிந்தால் நல்லதுதான். ஆனால் கதவில் முட்டிக்கொண்டு நிற்பவளிடம் போய்க் கெம்ப் பற்றி வகுப்பெடுக்க முடியுமா?

நான் எடுக்கவில்லை. "சரி, நாளைக்கு என்ன செய்யப் போறே?" என்று மட்டும் கேட்டேன்.

"சீக்கிரமே போய்க் கதவை இழுத்துப் பழகப் போறேன்."