குப்பி யாருடைய சொத்தும் அல்ல

தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் எங்கே படிக்கிறார்கள் என்று வெளியில் உள்ளவர்கள் கேட்டால், விரிவுரை மண்டபம், கணினி ஆய்வுகூடம், நூலகம் என்று சொல்லிவிடுவோம். அதில் பொய்யில்லை. ஆனால் ஒரு பாடம் மனதில் பதிந்து, இனி இதை நானே செய்துகொள்வேன் என்ற நம்பிக்கை வருகிற இடம் எங்களில் பலருக்குக் குப்பிதான். மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த வகுப்புக்கு நேரசூசியில் இடமில்லை, வரவுப் பதிவேடு இல்லை, சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எங்கும் உள்ள இந்த வழக்கம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வளாகங்களிலும் ஒரு பேட்ச் மாறி ஒரு பேட்சாகத் தொடர்ந்து வருகிறது. அந்த வழக்கத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையினால்தான், குப்பி இன்று நடக்கும் விதத்தில் சில விடயங்கள் மாறியே ஆக வேண்டும் என்று இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன்.

குப்பி ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்களில் பெரும்பாலோர் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். பைதன் நிரல், தரவுத்தளம், துவித எண்கள், தருக்கப் படலைகள் எல்லாவற்றையும் தமிழிலேயே படித்து, தமிழிலேயே விடையெழுதி, நல்ல பெறுபேற்றோடு வந்தவர்கள். 2013ஆம் ஆண்டு உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை அறிமுகமாகி, 2015இல் அதன் முதலாவது பரீட்சை நடந்த பின்னர், வாகரை, வெல்லாவெளி, திருக்கோவில், பொத்துவில் போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கும் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு எட்டக்கூடிய ஒன்றாயிற்று. அப்படி வந்தவர்கள் முதலாம் வருடத்தின் முதல் வாரத்திலேயே முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் உட்கார்கிறார்கள். விடயம் தெரிந்திருந்தும், எந்த விடயத்தைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று பிடிபடாமல் ஒரு செமஸ்டர் ஓடிவிடுகிறது. இவர்களைப் பார்த்து "அடிப்படை போதாது" என்று சொல்லுவது அநியாயம். அடிப்படை இருக்கிறது, அதைக் கேள்வியாக்கிக் கேட்க ஓர் இடம்தான் இல்லை. அந்த இடத்தைக் குப்பி கொடுக்கிறது.

நான் இருந்து படித்த குப்பிகளில் ஒன்றை இங்கே சொல்லுகிறேன். வந்தாறுமூலைப் பக்கத்தில் ஒரு வீட்டு விறாந்தையில், மூன்றாம் வருடத்து அக்கா ஒருவர், எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் முறையான எழுத்துக் குறியாக்கம் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். பைதனில் "மட்டக்களப்பு" என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்கச் சொன்னார். திரையில் 12 என்று வந்தது. விரல்விட்டு எண்ணினால் ம, ட், ட, க், க, ள, ப், பு என எட்டு எழுத்துகள்தான். மிச்சம் நான்கு எங்கிருந்து வந்தன என்று ஒரு தாளில் பிரித்து எழுதவைத்தார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் மெய்யெழுத்து என்று தனியாக ஒன்று இல்லை, அகரமேறிய எழுத்தோடு புள்ளி ஒரு தனிக் குறியாகச் சேர்கிறது, உகரமும் அவ்வாறே தனிக் குறி. ஆகவே மூன்று புள்ளிகளும் ஓர் உகரமுமாக நான்கு கூடிவிட்டன. பிறகு சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னார். கடைசியில் இருந்த உகரக் குறி முன்னுக்கு வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நின்றது. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் இந்தக் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதால், எட்டெழுத்து ஊர்ப்பெயர் 36 பைட்டுகள் ஆகிறது என்றும் காட்டினார்.

அப்போது முதலாம் வருடத் தம்பி ஒருவர், ஒரு படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்துக்கு 20 பைட்டு என்று எல்லை வைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். எல்லோரும் சேர்ந்து கணக்குப் பார்த்தோம். 20 பைட்டில் ஆறு குறிகள்தான் அடங்கும், ஊர்ப்பெயர் "மட்டக்" என்பதோடு வெட்டுப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இருபது எழுத்து இடங்கொடுக்கும் அதே கட்டம் எங்களுக்கு அரைப் பெயரைத்தான் விட்டுவைக்கும் என்பது அந்த விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அந்தத் தம்பி அதுவரை விரிவுரை மண்டபத்தில் வாய் திறந்து நான் கண்டதில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் நடுவில் எழுந்து நின்று, தனக்குப் பழக்கமில்லாத மொழியில் வசனம் அமைத்து இப்படியொரு கேள்வியைக் கேட்க அவரால் முடிந்திருக்காது. விரிவுரையாளர் எவரையும் இதற்குக் குறைசொல்ல முடியாது. இருக்கிற நேரத்துக்குள் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

இவ்வளவு பெறுமதியான ஒன்றை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

எல்லாவற்றிலும் பாரதூரமான விடயம், குப்பியைச் சில சீனியர்கள் ஓர் ஆயுதமாகப் பயன்படுத்துவது. பகிடிவதைக்குத் தலையாட்டியவர்களுக்குக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் குப்பியும் கிடைக்கும், மறுத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, அவர்களோடு பேசக்கூட வேண்டாம் என்று சொல்லப்படும். இது இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அடியும் மிரட்டலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் படலாம், ஆனால் ஒரு பிடிஎப் கோப்பை ஒருவருக்கு மாத்திரம் அனுப்பாமல் விடுவதை எந்த முறைப்பாட்டுப் படிவத்தில் எழுதுவது? மிக மென்மையாகத் தெரியும் இந்தத் தண்டனை ஒரு பிள்ளையின் முழு வருடத்தையும் குலைத்துவிடும். இலவசக் கல்வியால் கிடைத்த அறிவை, கீழ்ப்படிதலுக்குச் சன்மானமாகக் கொடுக்க எந்த அண்ணாவுக்கும் எந்த அக்காவுக்கும் உரிமை இல்லை. இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை.

அடுத்தது நேரமும் இடமும். நான் அறிந்த குப்பிகளில் அநேகமானவை இரவு எட்டு மணிக்குப் பிறகு ஆண்கள் தங்கியிருக்கும் போர்டிங் வீடுகளில் நடப்பவை. குறித்த நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய பெண் மாணவிகள் அங்கே வர முடியாது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை என்று தினமும் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் சரிபாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க, குப்பியில் மட்டும் அவர்கள் இல்லாமல் போவதை நாங்கள் இயல்பான ஒன்றாக எடுத்துக்கொண்டுவிட்டோம். விரிவுரை இல்லாத ஒரு பகற்பொழுதில் மரத்தடியிலோ வெறுமையாக இருக்கும் வகுப்பறையிலோ வைத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். இதற்கு யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை, எங்களுடைய சோம்பல் கலைந்தால் போதும்.

மூன்றாவது, எழுதி வைக்காமை. 1981 ஆகஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஒக்டோபரில் முழுமையான பல்கலைக்கழகமானது வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம். 1995இல் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமானது ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இத்தனை ஆண்டுகளில் எத்தனை திறமைசாலிகள் எத்தனை இரவுகள் கண்விழித்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்! அந்த விளக்கங்களில் என் கைக்கு வந்து சேர்ந்ததெல்லாம் நகலுக்கு மேல் நகலெடுத்து மங்கிப்போன சில கையெழுத்துத் தாள்களும், பாதியில் அறுந்துபோன வட்ஸ்அப் குரற்பதிவுகளும்தான். சொல்லிக்கொடுத்த அண்ணா தொழிற்பயிற்சிக்கென்று கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிற அன்றே அந்தப் பாடத்தின் குப்பியும் அவரோடு போய்விடுகிறது. அடுத்த பேட்ச் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

நிரல் எழுதுகிற நாங்கள் இதற்குத் தீர்வு தெரியாதவர்கள் அல்லர். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) களஞ்சியம் ஒன்றில் பாடவாரியாகக் குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைத்தால், யார் எதை எப்போது திருத்தினார் என்பதும் பதிவாகும், பிழையைக் கண்டவர் திருத்தி அனுப்பவும் முடியும், எந்தச் சீனியரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டிய தேவையும் இராது. காணொளியாக்கி யூடியூபில் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் எழுத்துத்தான் முதலில் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியபோது, மடிக்கணினி எத்தனையோ குடும்பங்களின் கைக்கு எட்டாத பொருளாயிற்று. கைபேசித் திரையில், இணையத்திலேயே நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கொலாப்பைத் திறந்து பெருவிரலால் நிரல் எழுதி ஒப்படைக்கிற நண்பர்கள் இன்றும் என் பேட்சில் இருக்கிறார்கள். மகாபொல உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள், அது நல்ல விடயம். இருந்தாலும் சாப்பாட்டுக்கும் போர்டிங்குக்கும் போக மிஞ்சுவதில் டேட்டா வாங்குகிறவருக்கு ஒரு மணிநேரக் காணொளி பெருஞ்செலவு. சில கிலோபைட் எழுத்துக் கோப்பு எந்தப் பழைய கைபேசியிலும் திறக்கும். அதைத் தயவுசெய்து யூனிகோடில் எழுதுங்கள், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பைத் தேடவும் முடியாது, கைபேசியில் வாசிக்கவும் முடியாது.

தமிழில் சொல்லிக்கொடுத்தால் ஆங்கிலம் வளராது என்று மறுப்பவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. பரீட்சையும் நேர்முகமும் வேலையும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் விளங்காத ஒன்றை ஆங்கிலத்தில் பாடமாக்குவதால் ஆங்கிலமும் வருவதில்லை, பாடமும் வருவதில்லை என்பதை ஒவ்வொரு செமஸ்டரும் காண்கிறோம். விளக்கம் தமிழில் இருக்கட்டும், பாடச்சொற்களும் விடை எழுதும் முறையும் பரீட்சைக்கு வேண்டியபடி ஆங்கிலத்தில் இருக்கட்டும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்து, ஆங்கிலத்திலும் புலமையோடு இருந்தவர். அவரே 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்றார். இரண்டு மொழிகளையும் ஒருங்கே கையாளுவது கிழக்கு மண்ணுக்குப் புதிய வித்தையல்ல.

இப்போது வேறொரு கேள்வியும் வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு குப்பி எதற்கு என்கிறார்கள். நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன், பயன்படுத்த வேண்டாம் என்று எவருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு உறுப்பும் (கணு) அடுத்ததைச் சுட்டி நிற்கும் இணைப்புப் பட்டியலின் முன்புறத்தில் ஒரு கணுவைச் செருகும் நிரலை அதனிடம் வாங்கி ஒப்படைத்த நண்பரிடம், "இந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் என்ன ஆகும்?" என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்டபோது அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குப்பியில் அதை நாலைந்து பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் அடுத்தவரின் தோளைப் பிடிக்கச் சொல்லிக் காட்டுவார்கள். புதிதாக வருகிறவர் முதலாமவரின் தோளைப் பிடிப்பதற்கு முன்பே தன்னைத் தலையாக, அதாவது வரிசையின் தொடக்கமாக, அறிவித்துவிட்டால், அதன் பிறகு தலையைத் தேடிப் பிடிக்கப் போகிறவர் தன் தோளையே பிடித்துக்கொண்டு நிற்பார், பின்னால் இருந்த வரிசை முழுவதும் எவருக்கும் எட்டாமல் போய்விடும். இதைக் கண்ணால் கண்டவர் அந்த வரிகளின் ஒழுங்கை மறக்க மாட்டார். எங்கே நாங்கள் தடுமாறுகிறோம் என்பதை எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அங்கே நின்று இன்னொரு தடவை சொல்லுகிற ஆள் குப்பியில் இருக்கிறார்.

சிங்கள மாணவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களும் எங்களைப் போலவே தாய்மொழியில் உயர்தரம் படித்து, அதே ஆங்கில விரிவுரையில் தடுமாறி, தங்களுக்குள் தனியாகக் குப்பி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே பாடத்துக்கு ஒரே வளாகத்தில் இரண்டு குப்பிகள், இரண்டு குறிப்புத் தொகுதிகள். நிரல் இருவருக்கும் பொதுவானது. ஒரே களஞ்சியத்தில் நிரல்களும் படங்களும் பொதுவாகவும், விளக்கம் இரண்டு மொழிகளில் அருகருகேயும் இருந்தால், அவர்களுடைய நல்ல குறிப்பு எங்களுக்கும் எங்களுடையது அவர்களுக்கும் கிடைக்கும். தரவுத்தளப் பாடத்தில் அவர்கள் வைத்திருக்கும் விளக்கப்படங்கள் எங்களிடம் உள்ளவற்றைவிடப் பன்மடங்கு மேலானவை.

இந்தக் களஞ்சியத்தை நாங்கள் சிலர் தொடங்கியிருக்கிறோம். பைதன் அறிமுகமும் எழுத்துக் குறியாக்கமும் முடிந்து, தரவுக் கட்டமைப்புகளில் மரங்கள் வரை எழுதியாகிவிட்டது. வலையமைப்புப் பாடத்தில் ஐபி முகவரிகளைப் பிரிக்கும் பகுதியை எழுத ஒருவர் தேவை, தரவுத்தளப் பாடத்துக்குச் சிங்களத்தில் எழுதக்கூடிய இன்னொருவர் தேவை. எந்த வருடம், எந்தப் பீடம், எந்தச் சீனியரின் ஆள் என்று யாரிடமும் கேட்கமாட்டோம். பட்டம் முடித்து வேலைக்குப் போன அண்ணாமார், அக்காமார், நானாமார் வீட்டு அலுமாரியில் பழைய குப்பித் தாள்கள் இருந்தால், கைபேசியில் படமெடுத்து அனுப்பிவையுங்கள், தட்டச்சு செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.