220-ல இருந்து வயச கழிக்கிற கணக்கு பத்தி
மேல ஒரு அண்ணன், 44 வயசுல திரும்ப சைக்கிள் ரேஸுக்கு வர்றவங்க 220-ல வயச கழிச்சு வர்ற 176-ஐ ஹார்ட் ரேட் தாண்டவே கூடாதுன்னு போட்டிருக்காரு. அக்கறையிலதான் சொல்றீங்கண்ணா, ஆனா அது ஆபத்து எல்லை இல்ல, அந்த வயசுல பல பேரோட அதிகபட்ச இதயத் துடிப்போட (நிமிஷத்துக்கு) சராசரி, ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு கூடக் குறைய இருக்கறது சகஜம். எனக்கும் 44தான், கொல்லிமலை கடைசி வளைவுகள்ல 187 காட்டுச்சு, மேல போய் நின்னதும் மளமளன்னு இறங்கிடுச்சு. நீங்களே பாக்கலாம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டி ஓகே வாங்கிட்டு, 20 நிமிஷம் வார்ம்அப் பண்ணி, நல்ல ஏத்தத்துல 3 நிமிஷம் முழு மூச்சா ரெண்டு மூணு தடவ மிதிங்க, அதுல வர்ற அதிகபட்சம்தான் கிட்டத்தட்ட உங்க எண். கை வாட்ச் குலுங்கறப்போ தப்பா காட்டலாம், நெஞ்சுல கட்டுற ஸ்ட்ராப் போடுங்க. நெஞ்சு வலியோ தலைசுத்தலோ வந்தா மட்டும் எண் எதுவா இருந்தாலும் உடனே இறங்கிடுங்க.