பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்

42 வயதில் மறுபடியும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். பாடம்கூடப் புரிந்துவிடுகிறது, கல்லூரி அனுப்பும் தகவல்கள்தான் புரிவதில்லை.

போன வாரம் ஒரே நாளில் 9 மின்னஞ்சல்கள். விளையாட்டு விழா, விடுதி அறை ஒதுக்கீடு, புதுமுக மாணவர் வரவேற்பு. (நான் விடுதியில் தங்கிவிட்டால் என் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் யார் சொல்லித்தருவது?) அந்தக் குவியலுக்கு அடியில், ஏழாவது மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: அடுத்த பருவத்துக்கான பதிவு இன்று மாலை 4 மணியுடன் முடிகிறது. நான் அதைப் பார்த்தபோது இரவு 10 மணி, பாத்திரம் கழுவிய கை காயவில்லை.

மறுநாள் வேலைக்கு நடுவே அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். ஒருவர் இன்னொருவரிடம் தள்ளினார். அவர் மூன்றாமவரிடம். மூன்றாமவர் சாப்பிடப் போயிருந்தார். தாமதப் பதிவுக்குத் தனிப் படிவம் உண்டாம், அதில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். என் அம்மாவுக்கு 70 வயது!

கடைசி நாளையும், யாரைக் கேட்பது என்பதையும் போட்டு, இரண்டு வாரம் முன்பே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

என்னோடு சேர்ந்த தோழி போன பருவத்தோடு நின்றுவிட்டாள். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டண பாக்கிக் கடிதம் மட்டும் அவளுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.